பொன்வண்டுக்குத் தீப்பெட்டி வீடாகுமா?

புரட்டாசி மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவன். பள்ளிக்குப் போகும் வழியில், ஓடைக்கரை வேலமரத்தில் பச்சையும் பொன்னுமாக ஏதோ மின்னியது. கிளையை உலுக்கியதும் அது பொத்தென்று கீழே விழுந்து, கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் பொன்வண்டு! காலித் தீப்பெட்டி ஒன்றில் வேலங்கொழுந்து நாலைந்தைப் போட்டு, அதற்குள் வண்டைக் குடிவைத்தேன். மூச்சுவிட வேண்டுமே என்று மேல்பக்கத்தில் ஊசியால் ஏழெட்டுத் துளைகளும் இட்டேன். மறுநாள் பெட்டிக்குள் சிறு தானியமணி போன்ற முட்டைகள் சில கிடந்தன. வகுப்பே கூடி வேடிக்கை பார்த்தது. குஞ்சு எப்போது வரும் என்று நாள் எண்ணினோம். நான்காம் நாள் வண்டு இறந்துவிட்டது. முட்டைகளும் சுருங்கிக் காய்ந்துபோயின.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களில் பலருக்கு இதே கதை உண்டு. இரை கொடுத்தோம்; காற்றுக்கு வழி செய்தோம்; அன்போடுதான் வைத்திருந்தோம். பின் ஏன் அது இறந்தது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், வெளியில் காணும் எந்த வண்டையும் எப்படி நடத்த வேண்டும் என்பதும் நமக்கு விளங்கிவிடும். அதற்கு முன், கையில் இருப்பது வண்டுதானா என்று பார்க்கக் கற்றுக்கொள்வோம்.

வண்டு என்பது எது?

தமிழில் ‘வண்டு’ என்ற சொல்லை நாம் தாராளமாகவே வழங்குகிறோம். பழந்தமிழ்ப் பாடல்களில் பூவில் தேனுண்டு முரலும் வண்டு பெரும்பாலும் தேனீயின் சுற்றத்தைச் சேர்ந்தது. வீட்டு உத்திரத்தையும் மூங்கிலையும் துளைத்துக்கொண்டு ‘ரீங்’ என்று சுற்றும் பெரிய கருவண்டும் உண்மையில் ஒருவகைத் தேனீயே. அதற்கு மெல்லிய சவ்வுபோன்ற நான்கு இறக்கைகள் உண்டு. அதன் பெண் கொட்டவும் செய்யும்.

அறிவியலார் வண்டு என்று கூறும் பூச்சிக்கு ஓர் அடையாளம் உண்டு. அதன் முன்னிறக்கைகள் இரண்டும் கெட்டிப்பட்டு, முதுகின்மேல் இரண்டு கவசத் தகடுகளாக அமைந்திருக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், முதுகின் நடுவே நேர்கோடாகச் சேரும். பறப்பதற்குரிய மெல்லிய பின்னிறக்கைகள் இந்தக் கவசத்துக்கு அடியில் மடிந்து கிடக்கும். வாளை உறையில் இடுவதுபோல் இறக்கையை உறையில் வைத்திருப்பதால், ‘உறைச் சிறகிகள்’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இவ்வகுப்பைக் கோலியோப்டெரா என்கிறார்கள். அரிஸ்டாட்டில் காலத்திலேயே வழங்கிய பெயர் இது.

இந்த நடுக்கோட்டை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கரப்பானின் இறக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். நாவாய்ப்பூச்சிகளின் முன்னிறக்கை பாதி கெட்டியாகவும் பாதி மெல்லியதாகவும் இருக்கும்; நுனிகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக் கிடக்கும். அவற்றின் வாய் உறிஞ்சுகுழல். வண்டின் வாயோ கடித்து மெல்லும் தாடை.

வண்டுகளில் இதுவரை ஏறத்தாழ 4 லட்சம் இனங்களுக்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரிடப்பட்ட விலங்கினங்கள் அனைத்திலும் ஏறக்குறைய நான்கில் ஒன்று வண்டு! இவை எல்லாமே முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்னும் நான்கு பருவங்களைக் கடப்பவை. நாம் மரத்தில் காணும் வண்டு அதன் வாழ்நாளின் கடைசிப் பருவமே. வாழ்வின் பெரும்பகுதியைப் பல இனங்கள் மண்ணுக்குள்ளோ மரத்துக்குள்ளோ புழுவாகவே கழித்துவிடுகின்றன. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் தேவைப்படும்.

மூன்று கேள்விகள்

ஒரு வண்டைக் கண்டதும் அதைப் பிடிப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கே இருந்தது? என்ன செய்துகொண்டிருந்தது? அதன் உணர்கொம்பும் காலும் எப்படி இருக்கின்றன? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால், இனத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் குடும்பம் தெரிந்துவிடும். குடும்பம் தெரிந்தால் அதன் உணவு தெரியும். உணவு தெரியாமல் ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருவதில் பொருளில்லை.

சாணத்தில் கண்டது சாண வண்டு. இதன் உணர்கொம்பின் நுனி, புத்தகத்தின் ஏடுகளைப்போல் விரிந்து மூடக்கூடியது. முன்னங்கால்கள் மண் தோண்டுவதற்கேற்பப் பல் வைத்த மண்வெட்டி போல் இருக்கும். சாணத்தை உருட்டிக்கொண்டு போகும் வண்டைக் கண்டால் வழிமறிக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஓரினச் சாண வண்டு, இரவு வானத்துப் பால்வீதியின் ஒளியைக் கொண்டு நேர்வழி செல்கிறது என்று 2013-ல் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். ஆஸ்திரேலியாவில் மாடுகள் பெருகியபோது அவற்றின் சாணத்தை அகற்ற ஏற்ற வண்டுகள் அங்கே இல்லை. எனவே 1960களில் தொடங்கி, பிற நாடுகளிலிருந்து சாண வண்டுகளை வரவழைத்து அங்கே விட்டார்கள். நம் ஊரில் கூலி கேட்காமலே அந்த வேலை நடந்துகொண்டிருக்கிறது.

தெருவிளக்கின் அடியில் மல்லாந்து கிடக்கும் பெரிய கருவண்டு பெரும்பாலும் காண்டாமிருக வண்டாக இருக்கும். மூன்றரை முதல் ஐந்து செ.மீ. நீளம்; தலையில் ஒரு கொம்பு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. பெண்ணின் பின்நுனியில் செம்பழுப்பு மயிர்க் கற்றையும் இருக்கும்.

கோடைமழைக்குப் பின் மாலை மங்கும் நேரத்தில் வேப்பமரத்தை மொய்க்கும் பழுப்பு நிற வண்டுகள், நிலக்கடலை வேரைக் கடிக்கும் வெள்ளைப் புழுக்களின் பெற்றோர். மாமரத்தில் காணும் ஐந்து செ.மீ. வண்டுக்கு உணர்கொம்பு உடலைவிட நீளமாக இருந்தால், அது நீள்கொம்பு வண்டு. இதன் புழு மரத்தைக் குடையும். வண்டைப் பிடித்தால் கழுத்துப் பகுதியை உராய்த்து ‘கிரீச்’ என்று ஒலி எழுப்பும். மல்லாத்திப் போட்டால் ‘டக்’ என்ற ஓசையோடு துள்ளி நிமிரும் ஒல்லியான வண்டு, சொடுக்கு வண்டு. மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வந்து தரையில் தத்தளிக்கும் வழவழப்பான நீள்வட்ட வண்டின் பின்னங்கால்கள் துடுப்புபோல் தட்டையாக, ஓரத்தில் மயிரோடு இருந்தால், அது நீர் வண்டு. அதற்குத் தேவை இலையன்று, குளம். இரவில் மினுக்கும் மின்மினியும் பூச்சி என்று பெயர் பெற்ற ஒரு வண்டே. அதன் புழு நத்தைகளைத் தின்னும்.

தொடுவதற்கு முன் எச்சரிக்கை

சார்லஸ் டார்வின் கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது வண்டு சேர்ப்பதில் பித்துப் பிடித்து அலைந்தார். ஒருநாள் மரப்பட்டையை உரித்தபோது அரிய வண்டுகள் இரண்டு கிடைத்தன. கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். அப்போது மூன்றாவதாக ஒரு புதுவகை வண்டு தென்பட்டது. விட மனமில்லாமல் வலக்கை வண்டை வாயில் போட்டுக்கொண்டார்! அது பீய்ச்சிய காரமான நீர் நாக்கைச் சுட்டது. துப்பிய வண்டும் போயிற்று. மூன்றாவது வண்டும் போயிற்று. இதை டார்வினே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

நம் ஊரிலும் அப்படிப்பட்டவை உண்டு. அவற்றுள் மூன்றை அடையாளம் தெரிந்துகொள்வது நல்லது.

முதலாவது கொப்புள வண்டு. கறுப்பு உடலில் குறுக்காக ஆரஞ்சு அல்லது சிவப்புப் பட்டைகள். செம்பருத்தி, துவரை, தட்டைப்பயறு ஆகியவற்றின் பூக்களைத் தின்றுகொண்டிருக்கும். சீண்டினால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீர் கசியும். அதிலுள்ள கேந்தாரிடின் என்னும் நச்சு தோலில் கொப்புளம் எழுப்பும். வாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

இரண்டாவது, முக்கால் முதல் ஒரு செ.மீ. நீளமுள்ள மெலிந்த வண்டு. பார்த்தால் பெரிய எறும்பு என்றே தோன்றும். தலை கறுப்பு, மார்பு ஆரஞ்சு, அதையடுத்துக் கருநீலத்தில் குட்டையான கவசம், பிறகு ஆரஞ்சு வயிறு, நுனி கறுப்பு. மழைக்காலத்தில் வயல்களிலிருந்து விளக்குக்கு வரும். இது கடிப்பதில்லை. ஆனால், கழுத்தில் ஊர்கிறதே என்று அடித்து நசுக்கினால், உடல் நீரிலுள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பட்டு, ஒன்றிரண்டு நாளில் சூடு இழுத்ததுபோல் நீளமாகப் புண்ணாகும். நசுக்காமல் ஊதித் தள்ளிவிட வேண்டும். தவறி நசுக்கிவிட்டால் உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும். அந்தக் கையால் கண்ணைத் தொடக் கூடாது.

மூன்றாவது, கறுப்பு உடலில் ஆறு வெள்ளைப் பொட்டுகள் உள்ள பெரிய தரை வண்டு. நெடுங்கால்களால் வேகமாக ஓடும், பறக்காது. நெருங்கினால் பின்புறத்திலிருந்து எரிச்சலூட்டும் அமிலத்தைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் பெருந்துன்பம்.

இந்த மூன்றையும் கண்டு அஞ்ச வேண்டாம், கொல்லவும் வேண்டாம். கொப்புள வண்டின் புழு மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்கிறது. குட்டைக் கவச வண்டு நெற்பயிரின் தத்துப்பூச்சிகளை வேட்டையாடுகிறது. ஆறு பொட்டுத் தரை வண்டுக்கும் பிற பூச்சிகளே உணவு. பார்க்கலாம், படம் வரையலாம். வீட்டுக்கு மட்டும் அழைக்க வேண்டாம்.

மல்லாந்து கிடக்கும் வண்டு

வெளியில் காணும் வண்டுகளுக்கு நாம் செய்யக்கூடிய உதவி பெரும்பாலும் ஒரு நிமிட வேலைதான். வழுக்கும் சிமெண்டுத் தரையில் மல்லாந்த வண்டுக்குப் பற்றிக்கொள்ள ஏதுமில்லை. கால்களுக்குக் குறுக்கே ஒரு குச்சியையோ இலையையோ நீட்டினால் பிடித்துக்கொண்டு நிமிரும். அப்படியே தூக்கிச் செடியடியில், நிழலில் விட்டுவிடலாம். வெயில் ஏறினால் தரையிலேயே வெந்துபோகும். எறும்பும் காக்கையும் வேறு காத்திருக்கும். வாளித் தண்ணீரில் விழுந்த வண்டை இலையால் எடுத்து நிழலில் உலரவிடுங்கள்.

அசையாமல் கிடப்பதெல்லாம் செத்தவை அல்ல. பொன்வண்டைப் போலவே பல வண்டுகள் ஆபத்து நேரத்தில் செத்ததுபோல் நடிக்கும். கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். ஆனால், நிமிர்த்தி வைத்தாலும் மீண்டும் மீண்டும் மல்லாந்து, கால்கள் இடைவிடாமல் நடுங்கினால், அது பூச்சிமருந்தில் சிக்கியதாக இருக்கலாம். அதற்கு நம்மிடம் மருந்து இல்லை. வெறுங்கையால் தொடாமல் விடுவதே சரி. சாண வண்டின் வயிற்றடியில் ஊரும் சிற்றுண்ணிகளைக் கண்டு பதறி உரிக்க வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலானவை ஒரு சாணக் குவியலிலிருந்து இன்னொன்றுக்கு வண்டியேறிப் போகும் பயணிகள்.

விருந்தாளிக்கு வீடு

சில நாள் வைத்துப் பார்க்க விரும்பினால், ஒரு வண்டுக்கு ஒரு பாத்திரம் போதும். அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடியோ பிளாஸ்டிக் டப்பாவோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் நான்கு விரற்கடை உயரத்துக்கு ஈர மண் போடுங்கள். கையில் பிடித்தால் உருண்டையாகச் சேர வேண்டும். நீர் சொட்டக் கூடாது. ஏறிப் பிடித்துக்கொள்ள ஒரு சுள்ளி வேண்டும். மல்லாந்தால் நிமிர்வதற்கும் அதுதான் துணை. வாயைக் கொசுவலைத் துணியால் மூடிக் கட்டுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வைக்காதீர்கள், விழுந்து மூழ்கும். மண்ணில் நாளுக்கு ஒருமுறை நீர் தெளித்தால் போதும். சாடியை வெயில் படும் சன்னலில் வைக்காதீர்கள்.

மறந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. அந்த அறையில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்தக் கூடாது. கொசுவைக் கொல்லும் மருந்துக்கு வண்டும் ஒரு பூச்சியே.

உணவு, வண்டின் குடும்பத்தைப் பொறுத்தது. பொன்வண்டுக்கு எந்த மரத்தில் கண்டோமோ அந்த மரத்தின் இளந்தளிர். நீர் நிறைந்த சிறு புட்டியில் காம்பைச் செருகி, புட்டி வாயைப் பஞ்சால் அடைத்து வைத்தால் தளிர் வாடாது. மருந்தடித்த தோட்டத்துத் தளிர் கூடாது. காண்டாமிருக வண்டுக்குக் கனிந்த வாழைப்பழத் துண்டோ கரும்புத் துண்டோ போதும். எறும்பு வருமுன் மாற்றிவிட வேண்டும். பொறிவண்டுக்கு அசுவினி மொய்த்த செடிக்கொத்து. நீர் வண்டை உடனே குளத்தில் விட்டுவிடுங்கள். மின்மினியை அன்றிரவே விட்டுவிடுங்கள். துணையைத் தேட அதற்குச் சில இரவுகளே உண்டு.

வண்டை எடுக்கும்போது காலைப் பிடித்து இழுக்காதீர்கள். நகம் துணியில் மாட்டியிருந்தால் பாதமே கழன்றுவிடும். வளர்ந்த வண்டுக்குப் போன கால் மீண்டும் முளைக்காது. எதிரே குச்சியை நீட்டினால் தானே ஏறிக்கொள்ளும். நூல் கட்டிப் பறக்கவிடும் விளையாட்டும் இதே காரணத்தால்தான் கூடாது.

நண்பனா, பகைவனா?

பெயர் தெரிவது ஏன் முக்கியம் என்பதற்குக் கத்தரித் தோட்டமே சான்று. அங்கே புள்ளியிட்ட வண்டுகள் இருவகை உண்டு. ஒன்று பளபளப்பான பொறிவண்டு. மஞ்சளோ ஆரஞ்சோ ஆன முதுகில் நெளிநெளியான கருங்கோடுகள் உள்ள இனத்தை எங்கும் காணலாம். வண்டும், சின்ன முதலைபோன்ற அதன் புழுவும் அசுவினிகளைத் தின்று செடியைக் காக்கின்றன. மற்றது எபிலாக்னா வண்டு. 28 புள்ளிகள் இருக்கும்; ஆனால் உடல் மெல்லிய மயிர் மூடி மங்கலாகத் தோன்றும். புழு மஞ்சள் நிறம். உடலெங்கும் கிளைத்த முட்கள். இரண்டும் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் சல்லடையாக விட்டுவைக்கும். பளபளப்பா, மங்கலா என்று பார்க்கத் தெரியாதவர் பகைவனோடு காவலனையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்.

நீலகிரியில் நடந்த கதை இது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரங்களை, அங்கிருந்தே வந்த பஞ்சுச் செதிற்பூச்சி தாக்கியது. இதே பூச்சி கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, 1888-89ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு செந்நிறப் பொறிவண்டைக் கொண்டுவந்து விட்டு வென்றிருந்தார்கள். 1920களின் இறுதியில் அதே பொறிவண்டு நீலகிரிக்கும் வரவழைக்கப்பட்டுப் பூச்சியை அடக்கியது.

வண்டை இடம் மாற்றுவதில் இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கையிலிருந்து பசிபிக் கடலின் சமோவாத் தீவுகளுக்கு 1909-ல் ரப்பர் நாற்றுகள் போயின. அந்த மண்ணோடு காண்டாமிருக வண்டும் போய்ச் சேர்ந்தது. இங்கே அதற்கு இருந்த இயற்கைப் பகைவர் அங்கே இல்லை. தென்னையே வாழ்வான தீவுகளில் அது பெருகிப் பரவியது. 1953-ல் பிஜியை எட்டியது. 1960களில் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மானிய அறிவியலாளர் இந்த வண்டைத் தாக்கும் வைரஸ் ஒன்றைக் கண்டறிந்தார். அதைச் சமோவாவில் விட்ட பிறகே நிலைமை தணிந்தது. எனினும் 2007-ல் குவாம் தீவிலும், 2013-ல் ஹவாயிலும் அந்த வண்டு தலைகாட்டியது. ஆகவே ஓர் ஊரில் பிடித்த வண்டை வேறோர் ஊரில் விடாதீர்கள். மாமா வீட்டுக்குப் பரிசாகக் கொண்டுபோவதும் இதில் அடங்கும்.

அப்படியானால் காண்டாமிருக வண்டை என்ன செய்வது? மழுப்பாமல் சொல்ல வேண்டும். விரியாத தென்னங்குருத்தைத் துளைத்துத் தின்னும் வண்டு அது. குருத்து விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் ஓலை முக்கோணமாக அறுபட்டிருக்கும். இளங்கன்றானால் பட்டே போகலாம். தென்னை உள்ள ஊரில், பார்த்து முடித்த பின் அதை வெளியே விடுவது அண்டை வீட்டுக்காரருக்குச் செய்யும் தீங்கு. தென்னை விவசாயி கொக்கிக் கம்பியால் அதை எடுத்து அழிப்பதில் தவறில்லை. ஆனால் எருக்குழியில் காணும் வெள்ளைப் புழுவெல்லாம் அதன் புழு அல்ல. புழுவைத் தரையில் விட்டுப் பாருங்கள். கால்களை மேலே வைத்துக்கொண்டு முதுகால் ஊர்ந்து போனால், அது மட்கைத் தின்று உரமாக்கும் பூ வண்டின் புழு. அதைக் குழியிலேயே விட்டுவிடலாம். பச்சைப் பொடி பூசியதுபோல் இறந்துகிடக்கும் காண்டாமிருக வண்டுப் புழுவையும் எறிந்துவிடாதீர்கள். அதைக் கொன்றது மெட்டாரைசியம் என்னும் பூஞ்சணம்; விவசாயியின் கூட்டாளி. அது குழியிலேயே கிடந்தால் மற்றப் புழுக்களுக்கும் பரவும்.

தீப்பெட்டியில் நடந்தது

இப்போது என் பொன்வண்டுக்கு வருவோம். அது மூச்சுத் திணறி இறக்கவில்லை. பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. உடலின் பக்கங்களிலுள்ள நுண்துளைகள் வழியே காற்று உள்ளே போய்வருகிறது. அட்டைத் தீப்பெட்டியின் இடுக்குகளில் வரும் காற்றே அதற்குப் போதும். நான் இட்ட ஊசித் துளைகள் என் மனநிறைவுக்கு மட்டுமே பயன்பட்டன.

அதற்குக் குறைந்தது நீர். சிறிய உடலுக்கு, அதன் பருமனை நோக்க மேற்பரப்பு அதிகம். எனவே நீர் விரைவில் வற்றும். பொன்வண்டு தனக்கு வேண்டிய நீரைத் தளிரிலிருந்தே பெறுகிறது. பறித்த வேலந்தளிரோ சில மணி நேரத்தில் சருகாகிவிட்டது. போதாததற்குச் சட்டைப்பையின் சூடு வேறு. இரை நிறையக் கிடந்த பெட்டிக்குள் அந்த வண்டு தாகத்தால் இறந்திருக்கிறது.

முட்டைகளின் கதை இதைவிட வருந்தத்தக்கது. பொன்வண்டு வளர்ந்த வண்டாக இருப்பது சில வாரங்களே. அந்த வாரங்களின் வேலை துணை தேடுவதும் முட்டையிடுவதும். முட்டை மண்ணில் விழ வேண்டும். பொரித்து வரும் புழு மண்ணுக்குள் வேர்களைத் தின்று மாதக்கணக்கில் வளர வேண்டும். தீப்பெட்டியில் மண் ஏது, வேர் ஏது? பொரித்திருந்தாலும் அவை பிழைத்திருக்க வழியில்லை. வண்டைச் சில நாள் முன்னதாகச் சாகவிட்டது மட்டும் என் பிழையன்று. அடுத்த ஆண்டு அந்த வேலமரத்தில் ஏற வேண்டிய வண்டுகளையும் சேர்த்துப் பெட்டியில் அடைத்துவிட்டேன்.

அழகுக்காகக் கொல்லவும் தேவையில்லை. பொன்வண்டின் நிறம் சாயத்தால் ஆனதன்று. கவசத்தின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றும் நிறம் அது. ஆகவே வண்டு இறந்தபின்னும் மங்குவதில்லை. லண்டன் நாடக மேடையில் 1888-ல் எல்லன் டெர்ரி அணிந்த, வண்டுச் சிறகுகள் தைத்த பச்சை அங்கி இன்றும் மின்னுகிறது. பருவம் முடிந்ததும் மரத்தடியில் தேடிப் பாருங்கள். உதிர்ந்த சிறகுகள் கிடைக்கும். அவற்றைத் தீப்பெட்டியில் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

விடைகொடுக்கும் நாள்

ஒரு வண்டை இரண்டு மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியின்றி எதையும் எடுக்கவே கூடாது. அது சட்டப்படி குற்றம். வண்டு நம்மிடம் இருக்கும் நாள்களில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள்: கண்ட நாள், நேரம், இடம், செடியின் பெயர், நீளம், நிறம், உணர்கொம்பின் வடிவம், என்ன தின்றது, எப்போது சுறுசுறுப்பாக இருந்தது. பக்கத்தில் ஒரு படம் வரையுங்கள். நடுக்கோட்டை மறக்காமல் போடுங்கள். உங்கள் ஊரில் எந்த மாதம் எந்த வண்டு வருகிறது என்று மூன்று ஆண்டு தொடர்ந்து எழுதி வைத்தால், அது ஆய்வாளரும் விரும்பிப் படிக்கும் ஏடாகிவிடும்.

பிறகு, எந்த மரத்தில் எடுத்தோமோ அந்த மரத்துக்கே கொண்டுபோய், மாலை வெயில் தாழ்ந்ததும் கிளையில் ஏற்றிவிடுங்கள். சாடியில் முட்டை இருந்தால், மண்ணோடு அந்த மரத்தடியில் சிறு குழி தோண்டிக் கொட்டி மூடிவிடுங்கள். அடுத்த மழைக்காலத்தில் அவ்வழியே போகும்போது மேலே நிமிர்ந்து பாருங்கள். பச்சையும் பொன்னுமாக ஏதேனும் மின்னினால், அதில் உங்கள் பங்கும் இருக்கலாம்.